பெட்டியின் அடியில் ஒரு பெயர்

விஜயலட்சுமி உட்கார்ந்து டீ குடித்து நான் பார்த்ததில்லை. எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் பதினான்கு நாற்காலிகள் கிடக்கின்றன. ஒன்றில்கூட அவர் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம் இருந்ததில்லை. டம்ளரைக் கையில் பிடித்தபடியே ஃபேன் ரெகுலேட்டரைத் திருகுவார், ஜன்னல் கொக்கியை ஆட்டுவார், பீரோ கதவு ஏன் கீச்சிடுகிறது என்று குனிந்து பார்ப்பார். "இது ஏன் சார் இப்படி இருக்குது?" என்று என்னைக் கேட்பார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவர் வெளியே வந்துவிடும். அவர் அறையில் இருந்தால் பக்கத்தில் இருப்பவனாலும் நிம்மதியாக உட்கார முடியாது. எனக்கு அது எரிச்சலாக இருக்கும்.

நான் வெங்கடாசலம், அதே பள்ளியில் இயற்பியல் ஆசிரியன். இருபத்திரண்டு வருடமாகத் திண்டிவனத்திலிருந்து மரக்காணத்துக்கு பஸ்ஸில் வந்து போகிறேன். மரக்காணத்துத் தண்ணீர் இன்றுவரை என் வாய்க்கு ஒத்து வரவில்லை. வீட்டிலிருந்தே இரண்டு லிட்டர் பாட்டிலில் எடுத்து வருவேன். அதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதும் அவர்களுக்குத் தெரியும், அதனால் முதுகுக்குப் பின்னால்தான் சிரிப்பார்கள்.

விஜி மிஸ் கீழ்புத்துப்பட்டுக்காரர். அப்பா ஈசிஆர் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருந்தவர். அந்தக் கடையில் ஸ்பேனரோடு வளர்ந்து, மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் ஏழு வருடம் இருந்தார். அங்கே ஒரு நாள், திருப்பி அனுப்பப்பட்ட ஒரு உதிரிபாக லாட்டுக்கு இவர் பெயரைப் போட்டு, மொத்த லைனையும் நிறுத்திவைத்து, சூப்பர்வைசர் சத்தமாகப் படித்தாராம். அந்த லாட்டைப் பார்த்தது வேறு ஷிப்ட் ஆள். "அன்னிக்கே ஐடி கார்டைக் கழட்டி மேசைமேல வெச்சிட்டு வந்துட்டேன் சார்" என்று ஒரு முறை சொன்னார். அதைச் சொல்லும்போதும் கையில் எதையோ கழற்றிக்கொண்டுதான் இருந்தார். பிறகு உப்பு லாரி ஓட்டும் கன்னியப்பனைக் கல்யாணம் செய்துகொண்டு மரக்காணத்துக்கு வந்தார். அரசுப் பள்ளிகளில் பொறியியல் அறிமுக வகுப்பு நடத்தும் ஒரு தொண்டு அமைப்பு அவரைப் பகுதி நேர ஆசிரியராக எங்கள் பள்ளிக்கு அனுப்பியது. அப்போது அவருக்கு முப்பத்தாறு வயது.

ஒன்பதாம் வகுப்புக்கும் பதினொன்றாம் வகுப்புக்கும் செவ்வாய், வியாழன் மாலையில் வகுப்பு. விருப்பமுள்ளவர்கள் சனிக்கிழமை காலையும் வரலாம். உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். முதல் நாள் மேசைமேல் ஒரு பழைய மிக்சியை வைத்தார் விஜி மிஸ். பிள்ளைகள் நோட்டைத் திறந்துகொண்டு, "தலைப்பு என்ன மிஸ்?" என்று கேட்டார்கள்.

"தலைப்பெல்லாம் இல்ல. கழட்டு."

"கழட்டிட்டு எழுதிக்கணுமா மிஸ்?"

"கழட்டிட்டு திரும்ப மாட்டணும். ஓடலன்னா ஏன் ஓடலன்னு எனக்குச் சொல்லணும்."

அந்த அறையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஏதாவது ஒரு சத்தம் கேட்கும். சுத்தியல், அரம், இல்லாவிட்டால் பிள்ளைகளின் வாக்குவாதம். நான் பக்கத்து அறையில் பாடம் நடத்த முடியாமல் இரண்டு முறை தலைமை ஆசிரியரிடம் போய்ப் புகார் சொன்னேன். மூன்றாவது முறை போகவில்லை. என் வகுப்பில் தூங்கி வழிகிற பையன் அங்கே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டேன். அதை ஒப்புக்கொள்ள எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று.

இந்தக் கடற்கரையில் எந்தப் பொருளும் ஒரு வருடம் உருப்படியாக இருக்காது. காற்றிலேயே உப்பு இருக்கிறது. வாங்கி வைத்த ஒயரின் நுனி பத்து நாளில் பச்சை பூத்துவிடும். பச்சை பூத்த செம்பில் ஈயத்தை உருக்கி வைத்தால் மேலே ஒட்டினதுபோலத் தெரியும், உள்ளே பிடித்திருக்காது. அதற்கு டிரை ஜாயிண்ட் என்று பெயர். ஒரு நேரம் மின்சாரத்தை விடும், ஒரு நேரம் விடாது. எதையும் பிளேடால் சுரண்டி, செம்பு பளிச்சென்று தெரிந்த பிறகுதான் ஈயம் வைக்க வேண்டும் என்பது விஜி மிஸ் வகுப்பில் முதல் சட்டம். செய்த பொருளின் அடியில் செய்தவர் பெயரை எழுதி ஒட்ட வேண்டும் என்பது இரண்டாவது சட்டம். "உன் பேரைப் போட்டு வெளிய அனுப்ப தைரியம் இருந்தா அனுப்பு. இல்லன்னா திரும்பக் கழட்டு" என்பார்.

பெயர் ஒட்டத் தயங்காதவள் அஸ்வினி. பதினொன்றாம் வகுப்பு. அம்மா குப்பம்மாள் உப்பளத்தில் உப்பு வாருகிறவர், அப்பா இல்லை. அதிகம் பேசாத பெண், ஆனால் கை நடுங்காது. அவள் வைக்கும் ஈயம் கடுகு கடுகாக ஒரே அளவில் இருக்கும். மெக்கானிக்கல்தான் படிக்கப் போகிறேன் என்று வகுப்பில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். பெண் பிள்ளைக்கு எதற்கு அது என்று கேட்ட கணக்கு ஆசிரியரிடம் விஜி மிஸ் அரை மணி நேரம் சண்டை போட்டார். குப்பம்மாளிடம் பேசிச் சம்மதம் வாங்கியதும் விஜி மிஸ்தான்.

ஜனவரியில் எல்லோரும் தண்ணீர்த் தொட்டி அலாரம் செய்தார்கள். மேல்நிலைத் தொட்டியின் விளிம்புக்குக் கீழே இரண்டு ஒயர் நுனிகள் தொங்கும். தண்ணீர் ஏறி நுனிகளைத் தொட்டதும் அதன் வழியே கொஞ்சம் மின்சாரம் ஓடும், கீழே இருக்கும் பேட்டரிப் பெட்டி கத்தும், மோட்டாரை நிறுத்திவிடலாம். சின்ன வேலைதான். ஆனால் மரக்காணத்தில் அது வேறு மாதிரி படுத்தியது. தொட்டி காலியாக இருந்தாலும் கத்தியது. விடியற்காலைப் பனியும் உப்பும் சேர்ந்து ஒயர் மேலே படிந்த ஈரத்திலேயே மின்சாரம் ஓடிவிடுகிறது. பிள்ளைகளின் வீட்டிலிருந்தெல்லாம் திட்டு வந்தது. விஜி மிஸ் இரண்டு நாள் யோசித்து, ஒரு ரெசிஸ்டரைக் கூடுதலாகப் போட்டு அதன் காதைக் கொஞ்சம் மந்தமாக்கினார். சின்ன ஈரத்துக்குக் கத்தாது, தண்ணீர் வந்தால் கத்தும். அதற்குப் பிறகு முப்பத்தோரு வீட்டில் முப்பத்தோரு பெட்டியும் ஒழுங்காக வேலை செய்தன. எனக்கே பெருமையாக இருந்தது.

இது பிரம்மதேசம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் அறிவழகன் காதுக்குப் போயிற்று. நல்ல மனிதர், கொஞ்சம் பயந்த சுபாவம். எங்களைக் கூப்பிட்டார். நான் போகும் பஸ் அந்த வழிதான் என்பதால் என்னையும் இழுத்துக்கொண்டார் விஜி மிஸ். அங்கே பேச்சோடு பேச்சாக, எப்போதோ நின்றுபோன தொழிற்கல்விப் பிரிவின் அறையைத் திறந்து காட்டினார் அறிவழகன். தார்ப்பாயை நீக்கினால் உள்ளே இரும்பைக் கடையும் லேத் மெஷின் ஒன்று.

விஜி மிஸ் அதன் கைப்பிடியை மெதுவாகச் சுற்றினார். சுற்றியது. விரலால் தடவிப் பார்த்து விரலை என்னிடம் காட்டினார்.

"துரு இல்ல சார்."

கடலிலிருந்து இத்தனை தூரம் உள்ளே தள்ளி இருந்தால் இரும்பு பிழைத்துக்கொள்கிறது. பதினைந்து நிமிடம் அவர் அந்த மெஷினை விட்டு நகரவில்லை. அவர் ஓரிடத்தில் அவ்வளவு நேரம் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

"எங்க தொட்டியில ஒரு பெட்டி மாட்டிக் காட்டுங்க மேடம். பசங்களும் பார்க்கட்டும். நல்லா இருந்தா ஜூன்ல இருந்து இங்கயும் வகுப்பு வேணும்னு நான் மேல எழுதறேன். இந்த ரூமை உங்களுக்கே கொடுத்துடறேன்" என்றார் அறிவழகன்.

திரும்பி வரும்போது விஜி மிஸ் என்னிடம் சொன்னார்: "சார், அந்த லேத்து கிடைச்சா நான் வேற எதுவும் கேக்க மாட்டேன்."

இருப்பதிலேயே நல்ல பெட்டி அஸ்வினியுடையது. அதையே எடுத்துப்போய் மாட்டினார்கள். அன்றைக்கு அங்கே மின்சாரம் இல்லை, தொட்டியை நிரப்பிப் பார்க்க முடியவில்லை. விஜி மிஸ் மொட்டை மாடியில் நின்று இரண்டு ஒயர் நுனிகளையும் ஒன்றோடு ஒன்று தொட வைத்தார். கீழே பெட்டி கத்தியது. அறிவழகன் கைதட்டினார். வேலை முடிந்தது என்று வந்துவிட்டோம்.

மூன்றாம் நாள் அந்தப் பள்ளியில் மோட்டாரைப் போட்டுவிட்டு, அலாரம் இருக்கிறதே என்று எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். பெட்டி கத்தவே இல்லை. தொட்டி வழிந்து, மாடித் தளத்து ஓட்டை வழியாக இறங்கி, கீழே அறையில் பிள்ளைகளுக்குக் கொடுக்க வைத்திருந்த இலவச நோட்டுக் கட்டுகள் அத்தனையும் நனைந்தன. போன் வந்ததும் விஜி மிஸ், நான், அஸ்வினி மூன்று பேரும் போனோம். மைதானம் முழுக்க நோட்டுகளைப் பிரித்துக் காயப் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் வரிசையாக நின்று எங்களையே பார்த்தார்கள்.

விஜி மிஸ் பெட்டியைக் கழற்றித் திறந்தார். ஒயர் நுனிகளைத் தொட வைத்தார். கத்தியது. அவர் முகம் மாறியது.

"டிரை ஜாயிண்ட். ஒரு நேரம் புடிக்குது, ஒரு நேரம் விடுது." பெட்டியைத் திருப்பினார். அடியில் ஒட்டியிருந்த சீட்டை அஸ்வினியின் முகத்துக்கு நேராகக் காட்டினார். "இது உன் பேருதானே? சுரண்டிட்டு ஈயம் வெச்சியா, இல்ல அவசரத்துல அப்படியே வெச்சியா?"

"சுரண்டிட்டுதான் வெச்சேன் மிஸ்."

"அப்போ தண்ணி பொய் சொல்லுதா?"

முந்நூறு பிள்ளைகள் நின்றிருந்தார்கள். விஜி மிஸ் நிறுத்தவில்லை. எத்தனை முறை சொன்னேன், கவனம் எங்கே இருக்கிறது, இத்தனை பிள்ளைகளின் நோட்டுக்கு யார் பதில் சொல்வது என்று குரலை உயர்த்திக்கொண்டே போனார். நான் பக்கத்தில் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அறிவழகனே, "சரி விடுங்க மேடம், பசங்கதானே. வேற நல்ல பெட்டியா மாட்டுங்க" என்றார். லேத் அறை கைவிட்டுப் போகவில்லை என்பது அந்தப் பேச்சிலேயே தெரிந்துவிட்டது.

அந்த வாரம் செவ்வாயும் வியாழனும் அஸ்வினி வகுப்புக்கு வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. பள்ளிக்கு வந்தாள், என் பாடத்தில் உட்கார்ந்தாள், நான்கு மணிக்கு வீட்டுக்குப் போனாள். ஏன் வரவில்லை என்று விஜி மிஸ் கேட்டு அனுப்பியதற்கு, "இந்த வேலையெல்லாம் எனக்கு வராதுன்னு சொல்லிடு" என்று தோழியிடம் பதில் சொல்லி அனுப்பினாள்.

"நல்லா வரும். திமிரு" என்றார் விஜி மிஸ். ஆனால் அந்த வாரம் அவர் டீ டம்ளரை இரண்டு முறை கீழே போட்டார்.

அவருக்கு வேறு ஒரு தலைவலி வந்து சேர்ந்தது. அஸ்வினியின் பெட்டியை முழுக்கப் பிரித்து, எல்லா இணைப்பையும் தானே மறுபடி சுரண்டி, தானே ஈயம் வைத்தார். எங்கள் பள்ளி வாளித் தண்ணீரில் ஒயரை விட்டால் பெட்டி அலறியது. பிரம்மதேசம் எடுத்துப் போனார். அங்கே தொட்டி நிறைந்தது, பெட்டி ஊமையாக இருந்தது. திரும்பக் கொண்டுவந்தார், அலறியது. பேட்டரியை மாற்றினார், ஒயரை மாற்றினார், பெட்டிக்குள் இருந்த எல்லாவற்றையும் மாற்றி அங்கே எடுத்துப் போனார். அங்கே ஊமை. பிறகு வேறொரு மாணவனின் பெட்டியை எடுத்துப் போனார், அதுவும் ஊமை. ஒரே வாரத்தில் ஸ்கூட்டியில் நான்கு முறை அந்த ரோட்டில் போய் வந்தார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மூடிவைத்தார். பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது வாசலில் வந்து நின்று, "சார், அங்க காத்துல ஏதாவது வேறயா இருக்குமா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை.

ஐந்தாம் முறை என்னையும் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனார். அவர் ஓட்டுகிற வேகத்தில் நான் குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். மதியம் மூன்று மணி வெயில். அங்கே இறங்கியபோது என் பாட்டிலில் தண்ணீர் இல்லை. சத்துணவு அறைப் பக்கம் இருந்த குழாயில் பிடித்துக் குடித்தேன்.

"எங்க திண்டிவனத்துத் தண்ணியவிட நல்லா இருக்குது மேடம். கல்கண்டு" என்றேன்.

விஜி மிஸ் நடந்துகொண்டிருந்தவர் நின்றார். திரும்பி வந்து என் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கி ஒரு வாய் குடித்தார். பிறகு அலாரத்தின் இரண்டு ஒயர்களையும் பாட்டிலுக்குள் விட்டார். பெட்டி ஊமை. சத்துணவு சமைக்கும் கொளஞ்சியம்மாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அவரிடம் போய், "அக்கா, ஒரு கை உப்பு குடுங்க" என்றார். கல் உப்பு, மரக்காணத்து உப்புதான். பாட்டிலுக்குள் போட்டுக் குலுக்கினார்.

பெட்டி அலறியது. கொளஞ்சியம்மாள் கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டார்.

உப்புக் கரைந்த நீரில் மின்சாரம் நன்றாக ஓடும், நல்ல நீரில் அவ்வளவாக ஓடாது. இதை வருடா வருடம் போர்டில் படம் போட்டு நடத்துகிறவன் நான். இரண்டு மதிப்பெண் கேள்வி. மரக்காணத்துத் தண்ணீரை வாயில் வைக்க மாட்டேன் என்று இருபத்திரண்டு வருடம் பாட்டில் சுமக்கிறவனும் நான்தான். எனக்குத் தோன்றவில்லை. உப்புக்கு நடுவிலேயே இருக்கிற விஜி மிஸ், தண்ணீர் என்றால் எங்கேயும் அந்தத் தண்ணீர்தான் என்று நினைத்துப் பெட்டியின் காதை மந்தமாக்கிவிட்டார். அது மரக்காணத்துத் தண்ணீர் கூப்பிட்டால் மட்டும் கேட்கும் பெட்டியாகிவிட்டது. ஏதாவது ஓடவில்லை என்றால் துரு, இல்லாவிட்டால் டிரை ஜாயிண்ட் என்று முடிவுகட்டுவதும் மரக்காணத்துப் பழக்கம்தான்.

விஜி மிஸ் குழாயடிச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என் பேருல போட்டாங்கன்னு நான் கார்டைத் தூக்கி வெச்சிட்டு வந்தேன் சார். அதையே அந்தப் பொண்ணுக்கு நான் செஞ்சிட்டேன்."

அழுதார். நான் பாட்டிலைக் கழுவினேன்.

கூடுதலாகப் போட்ட அந்த ரெசிஸ்டரை எடுக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பெட்டி நல்ல தண்ணீரிலும் கத்தியது. அறிவழகன் சந்தோஷமாகப் பார்த்தார். "சரியாயிடுச்சு இல்ல? அப்போ ஜூன்ல வாங்க மேடம், நாளைக்கே எழுதிடறேன்" என்றார். என்ன கோளாறு என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, நானும் விஜி மிஸ்ஸும் உப்பளத்துக்குப் போனோம். காலை எட்டு மணிக்கே வெயில் உப்பில் பட்டுக் கண் கூசியது. பாத்திகளில் பெண்கள் நீளக் கழியில் பலகை வைத்து உப்பை வரப்போரம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அஸ்வினி சுடிதாருக்கு மேலே பழைய சட்டை போட்டு, தலையில் துண்டு சுற்றி, அம்மா வாரிய உப்பைக் கூடையில் சுமந்து மேட்டில் கொட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் குப்பம்மாள் பலகையைப் போட்டுவிட்டு வந்தார்.

விஜி மிஸ் சுற்றி வளைக்கவில்லை. "அஸ்வினி, உன் ஈயத்துல ஒரு தப்பும் இல்ல. நான் போட்ட ரெசிஸ்டர்தான் தப்பு. அந்த ஊர்ல நல்ல தண்ணி. நான் நம்ம தண்ணிய நெனச்சே செஞ்சிட்டேன். செஞ்சிட்டு உன்மேல போட்டுட்டேன். என்னை மன்னிச்சிடு."

"அட இன்னாம்மா நீ" என்று பதறினார் குப்பம்மாள். "டீச்சரு போயி மன்னிப்பு அது இதுன்னு. திட்டனா இன்னா, நம்ம புள்ளதான. செவ்வாக்கெழமை வரும், நீங்க போங்க."

அஸ்வினி கூடையைக் கீழே வைத்தாள்.

"போன வாரம் சித்தி ஊட்டுக்குப் போனப்ப, பஸ்ல அந்த ஸ்கூல் பொண்ணுங்க என்னைக் காட்டிக் காட்டி பேசுனாங்க மிஸ். இதுதான் நோட்டெல்லாம் நனைச்ச பொண்ணுன்னு." அவள் குரல் உயரவில்லை. "எங்க சொன்னீங்களோ அங்க சொல்லுங்க மிஸ். இங்க உப்புக்கு முன்னாடி சொன்னா யாருக்குத் தெரியும்?"

"டீச்சர்கிட்ட பேசற பேச்சா இது?" என்று நான் சீறினேன். விஜி மிஸ் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

வரப்பில் நடந்து திரும்பும்போது நான் எனக்குத் தெரிந்த நியாயத்தை எல்லாம் சொன்னேன். அறிவழகன் பயந்த மனிதர். முந்நூறு பிள்ளைகள் முன்னால், தப்பு என்னுடையது என்று இவர் சொன்னால், அவர் அடுத்த வருடம் இவரை உள்ளே விட மாட்டார். லேத் போய்விடும். வேண்டுமானால் அவர் அறையில் தனியாகச் சொல்லிவிடலாம்.

"தனியாவா சார் நான் திட்டினேன்?" என்றார் விஜி மிஸ்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஆறு முறை போன் செய்தார். சொல்லிவிடுகிறேன் என்றார். சொல்ல வேண்டாமோ என்றார். அந்த மெஷினில் முதலில் பிள்ளைகளுக்கு எதைக் கடையச் சொல்லலாம் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன் என்றார். அவள் சின்னப் பெண், நாளாவட்டத்தில் மறந்துவிடுவாள் இல்லையா என்றார். நான் பதில் சொல்வதற்குள், மறக்க மாட்டாள், நான் மறக்கவில்லையே என்றார். ஆறாவது முறை நான் எடுக்கவில்லை, மனைவியிடம் கொடுத்துவிட்டேன். அவள், "அந்த அம்மா வாசல்ல நடந்துகிட்டே பேசறாங்க போல, மூச்சு வாங்குது" என்றாள்.

திங்கட்கிழமை காலை பிரம்மதேசத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். விஜி மிஸ்ஸின் ஸ்கூட்டி நின்றிருந்தது. அஸ்வினியை யூனிபார்மில் அழைத்து வந்திருந்தார். பிரேயர் முடிந்ததும் இரண்டு நிமிடம் பேச வேண்டும் என்று கேட்டார். புது வகுப்பைப் பற்றி அறிவிக்கப் போகிறார் என்று நினைத்து அறிவழகன் சிரித்துக்கொண்டே மைக்கைக் கொடுத்தார்.

"போன மாசம் இங்க தொட்டி வழிஞ்சி உங்க நோட்டு எல்லாம் நனைஞ்சுது. அஸ்வினி செஞ்ச பெட்டி சரியில்லன்னு உங்க முன்னாடி சொன்னேன். அது பொய். பெட்டி நல்லா செஞ்சிருந்தா. அதுல என்ன போடணும்னு சொன்னது நான். உங்க ஊரு தண்ணிய ஒரு தடவை வாயில வெச்சுப் பார்த்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். பார்க்கல. தப்பு என்னோடது. நோட்டு நனைஞ்சதுக்கும் நான்தான் காரணம். அஸ்வினி, என்னை மன்னிச்சிடு."

மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். ஓர் ஆசிரியர் அப்படிப் பேசி அந்தப் பிள்ளைகள் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

அறிவழகன் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவருக்குக் கோபத்தைவிடக் கவலைதான் அதிகம் இருந்தது.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே மேடம். இப்ப ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுல போய்ச் சொல்லும். யாரை நம்பி வகுப்பு வைக்கறீங்கன்னு கேப்பாங்க. நான் மேல என்னன்னு எழுதறது?" பேனாவை மூடி வைத்தார். "ஜூன் விஷயத்தை அப்புறம் பார்ப்போம்."

அப்புறம் பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று அரசாங்க வேலையில் இருக்கிற எவனுக்கும் தெரியும். விஜி மிஸ்ஸுக்கும் தெரிந்தது. "சரிங்க சார்" என்றார். நனைந்த நோட்டுகளைப் பற்றி ஏதோ கடிதம் எழுதித் தரச் சொல்லி அவரை உட்கார வைத்தார் அறிவழகன். எங்களுக்கு நேரமாகிறது என்று நானும் அஸ்வினியும் பஸ் ஏறினோம்.

பஸ்ஸில் இடம் இருந்தது. எனக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. அவளாகவே பேச்சை எடுத்தாள்.

"மிஸ்ஸுக்கு அந்த லேத்து கிடைக்காது இல்ல சார்?"

"கிடைக்காது. இப்ப திருப்தியா உனக்கு?"

"தெரியும் சார். தெரிஞ்சுதான் அங்க சொல்லச் சொன்னேன்."

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். பதினாறு வயதுப் பெண். கண் கலங்கியிருந்தது, ஆனால் சொன்னதை மாற்றுகிற முகமில்லை.

"உனக்கு இரக்கமே இல்லியா? உங்க அம்மாகிட்ட பேசி உன்னைப் படிக்க வைக்க சம்மதம் வாங்குனது அவங்க."

"எங்க அம்மாவ நாலு பேர் முன்னாடி திட்டிட்டு, அப்புறம் தனியா எத்தினி பேர் தெரியாம சொல்லிட்டேன், மனசுல வெச்சுக்காதேன்னு சொல்றாங்க சார். அதனால ஒருத்தருக்கும் ஒண்ணும் கொறையறதில்ல. மறுநாளும் அப்படியேதான் பேசறாங்க." பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள். பிறகு, "நீங்களும்தான் சார் அன்னிக்கு அங்க நின்னீங்க" என்றாள்.

அந்த மைதானத்தில் நான் எங்கே நின்றேன், எந்தப் பக்கம் பார்த்தேன் என்பதுகூட எனக்கு நினைவு வந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகக் காயப் போட்ட நோட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை முதல் பாடவேளை பதினொன்றாம் வகுப்பு, என்னுடையது. அவள் இரண்டாவது பெஞ்சில் இருந்தாள். வருகைப் பதிவேட்டைத் திறந்தேன், மூடினேன். எழுந்து நின்றேன். நாற்பத்திரண்டு பிள்ளைகள் முன்னால் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, அன்றைக்கு நான் பேசியிருக்க வேண்டும், பேசாமல் நின்றது தப்பு என்று சொன்னேன். அவ்வளவு சின்ன வாக்கியத்தை முடிப்பதற்குள் பாட்டிலைத் திறந்து இரண்டு முறை தண்ணீர் குடித்தேன். விஜி மிஸ் அதை மைக்கில் எப்படிச் சொன்னார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"சரி சார்" என்றாள் அஸ்வினி. நோட்டைத் திறந்து தேதி எழுதினாள்.

அன்று மாலை நான்கேகாலுக்கு விஜி மிஸ்ஸின் அறையில் சுத்தியல் சத்தம் ஆரம்பித்தது. அஸ்வினி பையைத் தூக்கிக்கொண்டு என் வகுப்பைத் தாண்டி அந்தச் சத்தத்தின் பக்கம் போனாள்.